விலை குறைவாக இருப்பது ஏன்? வீடு வாங்குவோர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்னையில் ஐம்பது லட்சம் ரூபாய்க்குள் சொந்த வீடு தேடும் வாசகர்களின் கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: நானும் என் மனைவியும் வில்லிவாக்கத்தில் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். எனக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. 45 லட்சம் ரூபாயில் இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, முடிச்சூரில் கட்டப்பட்டுவரும் குடியிருப்பின் தரைத்தளத்தில் உள்ள இரண்டு படுக்கையறை வீடு. மற்றொன்று, பெரம்பூரில் 22 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட, அளவில் சற்றுச் சிறிய வீடு. உறவினர்கள் அனைவரும் புதிய வீட்டையே வாங்கச் சொல்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?
— வாசகர், வில்லிவாக்கம்

பதில்: ஒரே விலையில் முடிச்சூரில் பெரிய புதிய வீடும் பெரம்பூரில் சிறிய பழைய வீடும் கிடைக்கின்றன என்றால், முடிச்சூரில் சதுர அடி விலை ஏன் குறைவாக இருக்கிறது என்பதைத்தான் தாங்கள் முதலில் விசாரிக்க வேண்டும். நகரத்தில் எந்தப் பகுதியிலும் காரணமின்றி விலை குறைவதில்லை. பேருந்து வசதி குறைவு, பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை, கடைத்தெரு தொலைவு போன்ற காரணங்கள் சில ஆண்டுகளில் தாமாகவே தீர்ந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் துணிந்து வாங்கலாம். வெள்ளம் வழக்கமாகச் செல்லும் வழியில் வீடு இருப்பதும், பத்திரத்தில் உள்ள கோளாறும் அவ்வாறு தீர்பவை அல்ல.

முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் அடையாற்றை ஒட்டியவை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அங்கு மக்கள் படகில் மீட்கப்பட்டதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதன்பின் ஆற்றை அகலப்படுத்தும் பணிகளும் வடிகால் பணிகளும் நடந்துள்ளன. முடிச்சூரின் எல்லாத் தெருக்களும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதும் உண்மையே. எனவே ஊரை வைத்து முடிவெடுக்காமல், தெருவை வைத்து முடிவெடுங்கள். அந்தத் தெருவில் பழைய வீடுகளின் வாசற்படி சாலை மட்டத்துக்குக் கீழே போயிருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகக் கட்டியவர்கள் தரையை எவ்வளவு உயர்த்தியிருக்கிறார்கள், சுற்றுச்சுவரில் மின் மீட்டர் பெட்டியை எந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். தலைக்கு மேல் உயரத்தில் மீட்டர் பெட்டி இருந்தால், வீட்டுக்காரர் தண்ணீரைப் பார்த்தவர் என்று பெரும்பாலும் கொள்ளலாம். தரகர் சொல்லாமல் விடுவதை அந்தத் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் சொல்லிவிடுவார். 2015இலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை நின்றது, எத்தனை நாள் நின்றது என்று அவரிடம் கேளுங்கள். இவற்றுக்குத் திருப்தியான பதில் கிடைக்காதவரை, தரைத்தள வீட்டை வாங்குமாறு என்னால் சொல்ல இயலாது.

அடுத்தது பணக் கணக்கு. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வீட்டின் மதிப்பில் 80 சதவீதம் வரையே வங்கி கடன் வழங்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே 45 லட்சம் ரூபாய் வீட்டுக்கு அதிகபட்சமாக 36 லட்சம் கிடைக்கும். மீதி 9 லட்சம் தங்கள் கையிலிருந்து வர வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த மதிப்பில் சேராது. புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு, மதிப்பு 50 லட்சத்துக்குள் இருந்தால், 2023 டிசம்பர் முதல் 4 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் வசூலிக்கப்படுகின்றன, அதன்படி 2.70 லட்சம் ஆகிறது. மறுவிற்பனை வீட்டுக்கு 7 சதவீதமும் 2 சதவீதமுமாக 4.05 லட்சம் ஆகும். இந்த ஒரு கணக்கை மட்டும் காட்டித்தான் புதிய வீடு லாபம் என்று விற்பனைப் பிரதிநிதிகள் சொல்வார்கள்.

அவர்கள் மெல்லிய குரலில் சொல்வது ஜிஎஸ்டியைப் பற்றி. கட்டி முடித்து நிறைவுச் சான்றிதழ் பெற்ற வீட்டுக்கும் மறுவிற்பனை வீட்டுக்கும் ஜிஎஸ்டி கிடையாது. கட்டப்பட்டுவரும் வீட்டுக்கு உண்டு. சென்னை போன்ற பெருநகரத்தில் கார்பெட் ஏரியா (வெளிச்சுவர்களுக்குள் நாம் புழங்கும் தரைப்பரப்பு) 60 சதுர மீட்டருக்குள், அதாவது ஏறத்தாழ 645 சதுர அடிக்குள் இருந்து, மொத்த விலையும் 45 லட்சத்துக்குள் இருந்தால் மட்டுமே வரி 1 சதவீதம். இரண்டில் ஒன்று மீறினாலும் 5 சதவீதம். தாங்கள் பார்த்த வீட்டின் விலை சரியாக 45 லட்சம் என்பதால், கார் நிறுத்துமிடத்துக்கென்று இரண்டு லட்சம் தனியாகக் கேட்டால் மொத்த விலை 47 லட்சமாகி, வரி 2.35 லட்சமாகிவிடும். முத்திரைத் தீர்வையில் மிச்சமானதைவிட இது அதிகம்.

பெரம்பூர் வீட்டிலிருந்து தங்கள் பணியிடத்துக்கு ஒரே புறநகர் ரயிலில் பட்டரவாக்கம் சென்று இறங்கலாம். முடிச்சூரிலிருந்து ரயிலில் வருவதென்றால் தாம்பரத்தில் ஏறி, பூங்கா நிலையத்தில் இறங்கி, சாலையைக் கடந்து மூர்மார்க்கெட் வளாகத்தில் வேறு ரயில் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் புறவழிச்சாலைப் பேருந்தை நம்ப வேண்டும். இருபது ஆண்டுகள் தினமும் இரு வேளை செய்யப்போகும் பயணம் இது.

பழைய வீட்டுக்கும் குறைகள் உண்டு. சன்ஷேடின் அடிப்பகுதியிலும் பால்கனியிலும் காரை உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா என்று பாருங்கள். மேல்வீட்டுக் கழிவறைக்குக் கீழே வரும் கூரையில் ஈரம் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். குடியிருப்போர் சங்கம் பதிவு செய்யப்பட்டதா, அதன் கணக்கில் பணம் இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டடத்தின் வயதைக் கருதி வங்கி கடன் காலத்தைக் குறைத்தால் மாதத் தவணை கூடிவிடும். 36 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 8.5 சதவீதம் என்று கொண்டால், 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 31,240 ரூபாய். அதையே 15 ஆண்டுகளில் அடைப்பதானால் சுமார் 35,450 ரூபாய். இதையெல்லாம் எடைபோட்டபின், பத்திரம் சரியாக இருக்கும்பட்சத்தில் நான் பெரம்பூர் வீட்டின் பக்கமே நிற்பேன்.

கேள்வி: அம்பத்தூரில் ஒரு கிரவுண்டில் ஆறு வீடுகள் கட்டுகிறார்கள். விளம்பரத்தில் 950 சதுர அடி என்றிருக்கிறது. யுடிஎஸ், அதாவது மனையில் நமக்கு வரும் பிரிக்கப்படாத பாகம், 340 சதுர அடி என்கிறார்கள். யுடிஎஸ் குறைவாக இருந்தால் என்ன நட்டம்?
— வாசகி, கொரட்டூர்

பதில்: கட்டடம் நாள்பட நாள்பட மதிப்பு குறையும், தங்களிடம் நிலைத்து நிற்பது மனையில் உள்ள பிரிக்கப்படாத பாகம்தான். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஆறு வீடுகளும் சம அளவு என்றால் ஒவ்வொன்றுக்கும் 400 சதுர அடி வர வேண்டும். ஆறு பேருக்கும் 340 வீதம் கொடுத்தால் 2,040தான் ஆகிறது. மீதி 360 சதுர அடி யார் பெயரில் இருக்கிறது என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். சாலைக்காக உள்ளாட்சிக்கு ஒப்படைத்திருந்தால் அதற்கான தானப் பத்திரத்தைக் காட்டட்டும். கட்டுநர் தம் பெயரிலேயே வைத்திருந்தால், அனுமதியில்லாத ஒரு தளத்தை மேலே எழுப்பி விற்கும் எண்ணம் இருக்கலாம் என்று சந்தேகிப்பதில் தவறில்லை.

2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வழியுண்டு. அந்த நாள் வரும்போது தங்கள் பேரத்துக்கு அடிப்படையாக இருப்பது இந்தப் பாகமே.

950 சதுர அடி என்பது சுவரின் கனம், மாடிப்படி, நடைபாதை யாவும் சேர்ந்த அளவாக இருக்கக்கூடும். கார்பெட் ஏரியாவைக் கேட்டு வாங்கி, ஒப்பந்தத்தில் அதை எழுதச் செய்யுங்கள். மனை 500 சதுர மீட்டருக்குள்ளும் வீடுகள் எட்டுக்குள்ளும் இருந்தால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயமில்லை. ஆகவே இத்தகைய சிறிய கட்டடங்களில் ஆணையத்தின் பதிவு எண்ணை நம்பி இருக்க முடியாது. அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி நடந்து பார்ப்பதே வழி.

கேள்வி: திருவள்ளூரை அடுத்த ஊரில் 9 லட்சத்துக்கு மனை வருகிறது. "பஞ்சாயத்து அப்ரூவல்" இருக்கிறது என்கிறார்கள். மனைவி பெயரில் பதிந்தால் கட்டணம் குறையுமா?
— வாசகர், ஆவடி

பதில்: குறையும். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. தங்களுக்கு அது 9,000 ரூபாய் மிச்சம். அதற்கு மகிழ்வதற்கு முன், மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை என்பதை அறிந்துகொள்ளுங்கள். நகர் ஊரமைப்பு இயக்ககமோ, பெருநகர எல்லைக்குள் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவோ அனுமதித்த மனைப்பிரிவாக இருக்க வேண்டும். அங்கீகாரமற்ற மனைகளைப் பொறுத்தவரை, 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்குள் விற்று பதிவான மனைகளுக்கு 2017ஆம் ஆண்டு விதிகளின்கீழ் வரன்முறைப்படுத்தும், அதாவது பின்னர் அங்கீகாரம் பெறும், வாய்ப்பு தரப்பட்டது. தாங்கள் பார்க்கும் மனை அப்படி வரன்முறை பெற்றிருந்தால் ஆணையின் நகலைத் தருவார்கள். தரத் தயங்கினால் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: மாதவரத்தில் ஒரு வீட்டை விற்பவர் காலமாகிவிட்ட உரிமையாளரின் மகன். அவர் வெளிநாட்டில் இருப்பதால், தமக்காக விற்றுக் கொடுக்க நண்பருக்குப் பவர் கொடுத்திருக்கிறார். வில்லங்கச் சான்றிதழில் எதுவும் இல்லை. வாங்கலாமா?
— வாசகர், பெரம்பூர்

பதில்: வில்லங்கச் சான்றிதழ் பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதிவாகாத உயிலோ, வாரிசுகளின் உரிமையோ, நிலுவையில் உள்ள வழக்கோ அதில் தெரியாது. அதைக் குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குப் போட்டுப் பார்ப்பதுடன், தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரையிலான மூலப்பத்திரங்களை வழக்கறிஞரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வங்கி வழக்கறிஞர் பார்த்துவிட்டார் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அவர் பார்ப்பது வங்கியின் கடனுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதை.

தந்தை உயில் எழுதாமல் காலமாகியிருந்தால் சொத்து மகனுக்கு மட்டும் உரியதன்று. இந்துக் குடும்பமாயின் மனைவி, மகள்கள், உயிரோடிருந்தால் இறந்தவரின் தாய் ஆகியோருக்கும் பங்குண்டு. திருமணமாகிச் சென்ற சகோதரிக்குச் சீர் செய்துவிட்டோம் என்பது சட்டத்தின் முன் பதிலாகாது. வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொருவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும் அல்லது தம் பங்கை விட்டுக்கொடுத்து, பதிவு செய்த விடுதலைப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். யாரேனும் மைனர் என்றால் நீதிமன்ற அனுமதி பெறாமல் அவருடைய பங்கை வாங்காதீர்கள்.

பவர் பத்திரம் மூலம் முகவர் கிரயம் எழுதிக் கொடுப்பது செல்லும். ஆனால் பவர் பத்திரத்தையே கிரயமாகக் கருதிக்கொண்டு பணம் கொடுத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாக்கிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்தால் அந்தப் பவரும் பொதுவாகச் செல்லாமல் போய்விடும் என்பதால், பதிவின்போது அவர் உயிரோடிருப்பதற்கான சான்று கேட்கப்படும். தாங்கள் அதற்கு முன்பே அவருடன் காணொளியில் பேசி, விலையை அவர் வாயாலேயே கேட்டுக்கொள்வதும், தொகையை முகவரின் கணக்குக்கு அன்றி உரிமையாளர்களின் வங்கிக் கணக்குகளுக்கே அனுப்புவதும் நல்லது. விற்பவர்களில் எவரேனும் வருமான வரிச் சட்டப்படி வெளிநாடு வாழ் இந்தியர் என்றால், அவர் பங்குக்கான தொகையில் வரிப் பிடித்தம் செய்து செலுத்த வேண்டியது வாங்குபவரான தங்கள் பொறுப்பு. 50 லட்சத்துக்குக் குறைவான விலைக்கு அது கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வரம்பு உள்நாட்டில் வசிக்கும் விற்பனையாளருக்கு மட்டுமே. பத்திரப் பதிவுக்கு நாள் குறிக்கும் முன் ஒரு பட்டயக் கணக்காளரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.