ராக் கேள்வி-பதில்: ஒரு பாட்டு வந்துவிட்டது, ஆல்பம் எப்படி இருக்கும்?

பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் இசைக்குழுவான அயர்ன் மெய்டனின் 'தி ரைட்டிங் ஆன் தி வால்' 2021 ஜூலை 15-ல் வெளியானது. அந்தப் பாட்டு இடம்பெறும் 'சென்ஜுட்ஸு' ஆல்பம் அதே ஆண்டு செப்டம்பர் 3-ல் வந்தது. இடைப்பட்ட நாட்களில் கொல்லங்கோட்டிலிருந்து வாளையார் வரை பாலக்காட்டின் கிழக்கு எல்லையிலிருந்து வந்த கேள்விகளில் சிலவும் அப்போது சொன்ன பதில்களும் இங்கே.

கொல்லங்கோடு வாசகர்: புதுப் பாட்டைக் கேட்டா மெய்டன் மாதிரியே இல்லீங்க. குதிரைப் பாய்ச்சல் மாதிரி தாளம் இல்லை, கௌபாய் படத்துப் பாட்டு மாதிரி நிதானமா போகுது. ஆல்பம் முழுக்க இப்படித்தானா? முன்பதிவு பண்ணினதை ரத்து பண்ணிடலாமான்னு யோசிக்கிறேன்.

ரத்து செய்யாதீர்கள். முதலில் பாட்டை எழுதியவர்கள் யார் என்று பாருங்கள். இது கிடார் வாசிக்கும் ஏட்ரியன் ஸ்மித்தும் பாடகர் புரூஸ் டிக்கின்சனும் எழுதியது. ஸ்மித்துக்கு ப்ளூஸ் என்ற அமெரிக்க இசையின் பக்கம் எப்போதும் ஒரு சாய்வு உண்டு. நீங்கள் கேட்ட கௌபாய் வாசனை அங்கிருந்து வருகிறது. ஆல்பத்தின் 10 பாடல்களில் இந்த இருவர் மட்டும் சேர்ந்து எழுதியவை 3. இந்தப் பாட்டு 6 நிமிடம் 13 நொடி, 'டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்' 4:03, 'டார்க்கஸ்ட் அவர்' 7:20. மூன்றையும் கூட்டினால் 17 நிமிடம் 36 நொடிதான் வரும்.

மறுபக்கம் பேஸ் கிடார் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸ். அவர் தனியாக எழுதியவை 4: 'லாஸ்ட் இன் எ லாஸ்ட் வேர்ல்ட்' 9:31, 'டெத் ஆஃப் தி கெல்ட்ஸ்' 10:20, 'தி பார்ச்மென்ட்' 12:39, 'ஹெல் ஆன் எர்த்' 11:19. கூட்டிப் பாருங்கள், 43 நிமிடம் 49 நொடி. ஆல்பத்தின் மொத்த நீளமே 81:53. பாதிக்கு மேல் ஹாரிஸ் ஒருவருடையது, அதிலும் கடைசி மூன்று பாடல்கள் அடுத்தடுத்து அவருடையவை. நீங்கள் தேடும் பாய்ச்சலும், மெதுவாகத் தொடங்கி ஏறிப்போகும் நீண்ட கட்டுமானமும் அந்தப் பக்கம்தான் இருக்க வாய்ப்பு அதிகம்.

முன்னோட்டப் பாட்டு ஆல்பத்தின் முகத்தைக் காட்டாமல் இருப்பது இவர்களிடம் புதிதல்ல. 2010-ல் 'எல் டொராடோ' ஜூன் 8-ல் இலவசப் பதிவிறக்கமாக வந்தது. ஆகஸ்டில் வந்த 'தி ஃபைனல் ஃப்ரண்டியர்' முடிந்ததோ ஹாரிஸின் 11 நிமிடப் பாட்டில். 2015-ல் 5 நிமிட 'ஸ்பீட் ஆஃப் லைட்' (அதுவும் ஸ்மித்-டிக்கின்சன்) முன்னால் வந்தது. 'தி புக் ஆஃப் சோல்ஸ்' ஆல்பத்தின் கடைசியில் இருந்தது டிக்கின்சன் தனியாக எழுதிய 18 நிமிடப் பாட்டு, அவர்களுடைய பாடல்களிலேயே மிக நீளமானது. முதலில் வெளியே விடுவதற்கு அளவான நீளமும், ஒருமுறை கேட்டதும் பிடிபடும் பல்லவியும் உள்ள பாட்டைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். 12 நிமிடப் பாட்டு அந்த வேலைக்கு உதவாது.

நீளத்தைக் கண்டு மிரளவும் வேண்டாம். 96 அட்சரத் தாளச் சுற்றில் தொடங்கி 48, 24, 12, 6 என்று இறுகிக்கொண்டே போகும் பஞ்சாரி மேளத்தைக் கோயில் வாசலில் நின்று கேட்டுப் பழகிய ஊர்க்காரர் நீங்கள். மெய்டனின் நீண்ட பாடல்களையும் அதே பொறுமையோடு கேட்கலாம்.

முதலமடை வாசகர்: 'சுவரில் எழுத்து' என்றால் நம் ஊர்த் தேர்தல் சுவரெழுத்து மாதிரி அரசியல் கோஷமா? மலையாள நண்பர் ஒருவர் பைபிள் கதை என்கிறார்.

நண்பர் சொல்வது சரி. தானியேல் ஆகமம் 5-ஆம் அதிகாரம். பாபிலோனில் பெல்ஷாத்சார் ராஜா பெரிய விருந்து வைத்து, எருசலேம் ஆலயத்திலிருந்து கொண்டுவந்த பொற்பாத்திரங்களில் திராட்சரசம் குடிக்கிறான். அப்போது ஒரு மனிதக் கைவிரல்கள் தோன்றி, விளக்குக்கு எதிரே சுவரில் 'மெனே, மெனே, தெக்கேல், உப்பார்சின்' என்று எழுதுகின்றன. ஞானிகள் எவருக்கும் படிக்கத் தெரியவில்லை. தானியேல் வந்து பொருள் சொல்கிறார்: உன் ராஜ்யத்தின் நாட்கள் எண்ணி முடிக்கப்பட்டன, நீ தராசில் நிறுக்கப்பட்டுக் குறைவாகக் காணப்பட்டாய், ராஜ்யம் பிரிக்கப்பட்டு மேதியருக்கும் பெர்சியருக்கும் கொடுக்கப்பட்டது. அன்று இரவே ராஜா கொல்லப்படுகிறான். ஆங்கிலத்தில் 'கேடு நெருங்கிவிட்டது, கண் இருப்பவனுக்குத் தெரியும்' என்ற பொருளில் இந்தச் சொற்றொடரைப் புழங்குகிறார்கள். அதனால் 'சுவரெழுத்து' என்று நேராகப் பெயர்த்தால் பொருள் நழுவிவிடும்.

பாட்டு வருமுன் 'பெல்ஷாத்சாரின் விருந்து' என்று ஜூலை 15 தேதியிட்ட அறிவிப்புகள் வெளியானதும் இதனால்தான். கதை தெரிந்தவர்கள் தலைப்பை அப்போதே ஊகித்துவிட்டார்கள். பாட்டின் அனிமேஷன் வீடியோவின் கதைக்கரு டிக்கின்சனுடையது. பிக்சார் அனிமேஷன் நிறுவனத்தில் பணியாற்றிய மார்க் ஆண்ட்ரூஸும் ஆண்ட்ரூ கார்டனும் அதற்குத் துணைநின்றார்கள். தானியேல் அதிகாரத்தை ஒருமுறை படித்துவிட்டு வீடியோவைப் பாருங்கள், விருந்துக் காட்சி தானாக விளங்கும்.

கோபாலபுரம் வாசகர்: ஒரே ஆல்பத்துக்கு ஏன் 2 சிடி?

சாதாரண சிடியில் ஏறத்தாழ 80 நிமிடம்தான் அடங்கும். ஆல்பம் 81:53. வினைல் 3 தட்டு. 6 பக்கத்துக்கும் பங்கிட்டால் பக்கத்துக்குச் சராசரியாக 14 நிமிடம்கூட வராது. அது நல்லதே. ஒரு பக்கத்தில் நேரம் கூடக்கூடத் தட்டின் பள்ளவரிகளை நெருக்கி வெட்ட வேண்டும், பேஸும் (தாழ்ந்த ஒலியும்) சத்தமும் குறையும்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: யூடியூபில் ஒரு மாதிரி, ஆப்பில் ஒரு மாதிரி கேட்கிறது. மொத்தத்தில் சத்தம் மந்தமாக இருக்கிறது. மிக்ஸிங் சரியில்லையா?

போனைச் சரிசெய்த பிறகு மிக்ஸிங்கை (குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துக் கலப்பதை) பற்றிப் பேசலாம். ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், 'சரவுண்ட்' என்று போனில் இருப்பதையெல்லாம் அணையுங்கள். பேஸ் பூஸ்ட் போட்டால் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் ஒலி வெட்டுப்படும். அதில் முதலில் கெடுவது டிரம்ஸின் கூர்மை. அடுத்து, யூடியூப் சத்தம் கூடிய பாடல்களைச் சுமார் -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குப் படும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைக்கும், குறைந்தவற்றை ஏற்றாது. ஸ்பாட்டிஃபையின் சாதாரண நிலையும் -14-ஐ ஒட்டித்தான், ஆனால் அமைப்பில் 'லவுட்' தேர்ந்திருந்தால் -11. ஆப்பிள் -16. ஒரே பாட்டு இரண்டு இடத்தில் இரண்டு சத்தத்தில் வந்தால், சத்தம் கூடியதே தரம் கூடியதாகக் காதுக்குத் தோன்றும். ஒலியளவை உங்கள் காதுக்குச் சமப்படுத்திவிட்டு ஒப்பிடுங்கள், வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போகும்.

பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு முடிவுக்கு வரவும் வேண்டாம். எஞ்சின் இரைச்சல் பேஸ் கிடாரையும் கிக் டிரம்மையும் விழுங்கிவிடும். ராத்திரி வீட்டில், வயர் இயர்போனில், நடுத்தர ஒலியில் கேளுங்கள். மிகக் குறைத்து வைத்தாலும் தாழ்ந்த ஒலிகள்தான் காதுக்கு முதலில் குறையும். ஒப்பிட 'ஸ்பீட் ஆஃப் லைட்' பொருத்தமானது: அதே தயாரிப்பாளர் கெவின் ஷெர்லி, அதே பாரிஸ் கியோம் டெல் ஸ்டுடியோ.

இவ்வளவுக்குப் பிறகும் மந்தம் என்று பட்டால் அது இசைக்குழுவின் விருப்பம்தான். பளபளப்பை ஹாரிஸ் விரும்புவதில்லை. 2006 ஆல்பத்தை மாஸ்டரிங் (மிக்ஸ் முடிந்தபின் ஒலியைச் செப்பனிடும் கடைசி வேலை) செய்யாமலே வெளியிட்டவர்கள் இவர்கள். எனக்கு இந்த மிக்ஸில் குரல் சற்று உள்ளடங்கி இருப்பது குறையாகவே படுகிறது. டிரம்ஸ் நன்றாக இருக்கிறது.

சித்தூர் (பாலக்காடு) வாசகர்: ஓணத்துக்கு நண்பர்கள் வீட்டில் இதை வாசிக்கத் திட்டம். ஒரு கிடார், பேஸ், டிரம்ஸ் மட்டும். அவர்களுக்கு மூன்று கிடார்! நெட்டில் கிடைக்கும் டேப் (எந்தக் கம்பியை எங்கே அழுத்துவது என்ற கிடார் குறிப்பு) ஒன்றுக்கொன்று முரண்படுகிறது. போதாததற்கு மழையில் என் கிடாரின் கம்பி உயரம் ஏறிவிட்டது.

கிடாரிலிருந்து தொடங்குவோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழைக்காற்று அடிக்கும் ஆடி, ஆவணியில் மரம் ஈரம் குடித்து, கழுத்து முன்னால் வளையும், கம்பி உயரும். தை மாதக் கிழக்குக் காற்றில் காய்ந்து நேர் எதிராகும், கம்பி பிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில்) உரசி இரையும். முதல் பிரெட்டையும் கடைசி பிரெட்டையும் ஒருசேர அழுத்தி, 7-ஆம் பிரெட்டுக்கு மேலே இடைவெளி பாருங்கள். 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் போதும். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு. அதிகமென்றால் கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டான டிரஸ் ராடைக் கடிகாரத் திசையில் கால் சுற்று மட்டும் திருப்பி, மறுபடி டியூன் செய்து, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அதைத் திருப்பும் அறுகோணச் சாவியான அல்லென் கீயின் அளவு கச்சிதமாக இருக்க வேண்டும். தளர்வான கீ நட்டின் உள்பக்கத்தை மழுக்கிவிட்டால் பிறகு கழற்றுவதே பெரிய வேலை. இறுக்கமாகத் திரும்ப மறுத்தால் அங்கேயே நிறுத்திக் கடைக்காரரிடம் கொண்டுபோங்கள். கேஸுக்குள் சிலிக்கா ஜெல் பை இரண்டு போட்டு வையுங்கள்.

டேப் முரண்படுவதற்குக் காரணம், எல்லாம் காதால் எடுத்தவை. கிடாரின் மிகத் தாழ்ந்த நோட்டைத் தேடுங்கள். எங்கும் அழுத்தாத 6-ஆம் கம்பி ஈ (E) நோட்டு, 82.4 ஹெர்ட்ஸ். அதற்கும் கீழே 73.4-ல் ஒரு டி (D) கேட்டால் அது டிராப் டி டியூனிங், அதாவது 6-ஆம் கம்பியை மட்டும் ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குவது. பலர் இடறுவது இங்கேதான்: பேஸ் கிடார் ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே வாசிப்பதைக் கிடார் என்று எண்ணிவிடுகிறார்கள். யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்கினால் சுருதி மாறாது, நோட்டுகள் பிரிந்து கேட்கும். டிராப் டி போட வேண்டி வந்தால் 10-46 தடிமன் கம்பி செட்டில் தாழ்ந்த கம்பி தொளதொளக்கும். 10-52 செட் நல்லது. மிதக்கும் பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் பாகம் ஸ்பிரிங்கில் நிற்கும்) கிடாரில் ஒரு கம்பியைத் தளர்த்தினால் மற்ற ஐந்தும் சுருதி ஏறும், ஸ்பிரிங் பின்னால் இழுப்பதால். 6-ஆம் கம்பியிலிருந்து தொடங்கி மூன்று நான்கு சுற்று டியூன் செய்தால்தான் நிலைக்கும்.

மூன்று கிடாரை ஒன்றாக்க: இடது இயர்போனை மட்டும் வைத்து ஒருமுறை, வலதை மட்டும் வைத்து ஒருமுறை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போனில் 'மோனோ' (இரு காதிலும் ஒரே ஒலி) இயங்கினால் இது நடக்காது, அணைத்துவிடுங்கள். தொடக்க அக்கூஸ்டிக் பகுதியைத் தனிக் கிடாராகவே விடுங்கள். பாட்டு நடக்கும்போது ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு) உங்களுடையது, கார்டின் அடிநோட்டைப் பேஸ் பிடிக்கட்டும். சோலோவில்தான் பள்ளம் விழும். பின்னால் கார்டு இல்லாததால் சோலோ அந்தரத்தில் நிற்கும். அங்கே பேஸ்காரர் ஒற்றை நோட்டுக்குப் பதில் அடிநோட்டும் அதிலிருந்து ஐந்தாவது நோட்டும் சேர்த்து வாசிக்கட்டும், டிரம்ஸ்காரர் ரைடு சிம்பலுக்கு மாறட்டும்.

வாளையார் வாசகர்: செப்டம்பர் 3 என்றால் நமக்கு எத்தனை மணிக்கு? முன்னதாகக் கசிந்தால் கேட்கலாமா?

2015 ஜூலை 10 முதல் உலகெங்கும் புது இசைக்கு வெள்ளிக்கிழமைதான் நாள். ஆப்களில் பொதுவாக அந்தந்த நாட்டு நள்ளிரவில் வரும். ஆக 2-ஆம் தேதி வியாழன் இரவு 12 மணிக்குத் தேடிப் பாருங்கள். கசிவைத் தொடாதீர்கள். சட்டத்தை விடுங்கள், கசியும் கோப்புகள் பெரும்பாலும் குறைந்த பிட் ரேட்டில், வரிசை குலைந்து வரும். 12 நிமிட 'தி பார்ச்மென்ட்'டை முதன்முதலாக அப்படியா கேட்பது?