காற்றில் இழுத்த கோடு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ரஷ்யாவில் பிறந்து பிரான்ஸில் வசிக்கும் அன்னா ஜில்யாயேவா, லூவ்ர் அருங்காட்சியகத்தில் கண்ணை மூடும் மெய்நிகர் (விஆர்) ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வெறும் காற்றில் படம் போட்டதைக் காணொளியில் பார்த்தேன். அதை ஓவியம் என்பதா, சிற்பம் என்பதா? (வாசகி, மதுரை)

பதில்: கண்ணைக் கேட்டால் ஓவியம் என்னும்; கணினிக் கோப்பைத் திறந்து பார்த்தால் சிற்பத்துக்குத்தான் பக்கம். அவர் அங்கே எடுத்துக்கொண்டது பிரெஞ்சு ஓவியர் டெலக்ரோவா 1830-இல் தீட்டிய, சுதந்திரம் கொடியேந்தி மக்களை வழிநடத்தும் ஓவியம். மூல ஓவியத்தின் அளவு 260 செ.மீ. உயரம், 325 செ.மீ. அகலம்.

ஜில்யாயேவா பெரிதும் கையாண்ட மென்பொருள் கூகுளின் டில்ட் பிரஷ். அதில் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் விசையை அழுத்திக் கையை ஓட்டினால் வண்ணம் எங்கும் படிவதில்லை. கை போன வழியெல்லாம் சின்னச் சின்ன முக்கோணங்களைக் கோத்து, தடிமனே இல்லாத ஒரு நாடாவை மென்பொருள் உருவாக்குகிறது. வழியில் ஒவ்வொரு புள்ளிக்கும் கை இருந்த இடம், மணிக்கட்டு திரும்பிய கோணம், விசையில் கொடுத்த அழுத்தம், நேரம் ஆகியவை பதிவாகும். எண்ணெய் ஓவியருக்கு மணிக்கட்டின் கோணம் கோட்டின் அகலத்தை மாற்றும். இங்கே அது கோடு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதையே தீர்மானிக்கிறது. ஜில்யாயேவாவின் திறமை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். இப்படிப் பலர் முன்னால் வரைவது வெறும் வேடிக்கை என்று ஒதுக்குகிறவர்கள் அவருடைய மணிக்கட்டைக் கவனிப்பதில்லை.

கேள்வி: நானும் ஒரு முகம் வரைந்து பார்த்தேன். நேரே நின்றால் முகம். இரண்டடி தள்ளிப் போனால் கிழிந்த காகிதக் குவியல். என்ன தவறு? (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: நாடாவுக்குத் தடிமன் இல்லை என்றோமே, விளிம்பு உங்களைப் பார்த்து நின்றால் அது மறைந்துவிடும். எல்லாத் தீற்றலையும் ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் போட்டிருப்பீர்கள்.

நெற்றி, கன்னம், மூக்கின் இரு சரிவு, தாடை என்று ஒவ்வொன்றையும் தனித்தனித் தளமாக நினையுங்கள். களிமண்ணைத் தடவுவதுபோல, அந்தந்தத் தளம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசைக்கு மணிக்கட்டைத் திருப்பித் தடவ வேண்டும். பத்துத் தீற்றலுக்கு ஒருமுறை சுற்றி நடந்து பாருங்கள். பக்கவாட்டில் தெரியும் இடைவெளிகளை அந்தப் பக்கத்திலிருந்தே அடையுங்கள். ஆனால் எல்லா இடைவெளியையும் அடைத்துவிட்டால் பொம்மைக்கடைப் பொம்மைதான் மிஞ்சும். எந்த இடத்தில் படம் கலைய வேண்டும் என்று முடிவெடுப்பதும் வேலைதான்.

இன்னொன்று, மென்பொருளில் வரும் ‘லைட்’ (ஒளி) தூரிகை. அதன் தீற்றல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது ஒளி கூடிக்கொண்டே போய் வெளுத்துவிடும். வெள்ளைப் பின்னணியில் கண்ணுக்கே தெரியாது. முகத்துக்கு ‘ஆயில் பெயின்ட்’ தூரிகையை எடுங்கள். லைட் தூரிகையைக் கண்மணியின் மினுக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டில்ட் பிரஷ் நின்றுபோய்விட்டது என்கிறார்களே, இனி எதில் தொடங்குவது? (வாசகர், திருச்சி)

பதில்: 2016-இல் எச்டிசி வைவ் ஹெட்செட்டோடு வெளிவந்த டில்ட் பிரஷின் மேம்பாட்டை 2021 ஜனவரியில் நிறுத்திய கூகுள், மூல நிரலைப் பொதுவில் விட்டது. அதை ஆர்வலர்கள் எடுத்து வளர்த்ததுதான் ஓப்பன் பிரஷ். இலவசம். மெட்டா நிறுவனத்தின் பழைய குவெஸ்ட் 2 ஹெட்செட் கிடைத்தாலும் போதும், தனிக் கணினி வேண்டியதில்லை.

இடம் 2 மீட்டருக்கு 2 மீட்டர் காலியாக இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், நம் வீடுகளில் கூரை தாழ்வு, வானம் வரையக் கையைத் தூக்குவீர்கள். ஹெட்செட்டைக் கழற்றி வெயில் விழும் சன்னலோரம் வைக்காதீர்கள். லென்ஸ் பூதக்கண்ணாடியாகி உள்திரையைச் சுட்டுவிடும்.

முன்மாதிரிப் படத்தை மென்பொருளின் மீடியா லைப்ரரி கோப்புறையில் போட்டால் உள்ளே எடுத்து நிறுத்திக்கொள்ளலாம். தூரத்துப் பின்னணியை முதலில் பெரிய தூரிகையால் போட்டுவிட்டு, படிப்படியாக முன்னால் வாருங்கள். நுணுக்க வேலைக்கு இரண்டு கன்ட்ரோலரின் பிடிவிசையையும் அழுத்திக் கைகளை விரித்தால் காட்சி பெரிதாகும். பெரிதாக்கிய நிலையில் போடும் கோடு, பழைய அளவுக்குத் திரும்பும்போது மெல்லியதாகிவிடும். கண்ணிமைக்கு இதுதான் வழி.

கேள்வி: அரை மணி நேரத்தில் தலை சுற்றுகிறது. பழகிவிடுமா? (வாசகி, சேலம்)

பதில்: பாதி பழகும். மீதி உங்கள் படத்தின் கனம். திரை நொடிக்கு 72 முறை புதுப்பிக்க வேண்டுமானால் ஒரு படச் சட்டகத்துக்கு (ஃபிரேம்) கிடைக்கும் நேரம் 13.9 மில்லிநொடி, 90 முறை என்றால் 11.1. தீற்றல்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால், அதுவும் ஒளி ஊடுருவும் தூரிகைகள் அடுக்கடுக்காக விழுந்தால், இந்தக் கெடு தப்பும். தலையைத் திருப்பியபின் காட்சி பிந்தி வரும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு அதை மன்னிக்காது. புகை, பனி போன்றவற்றைக் குறைத்துப் பாருங்கள்.

கேள்வி: வேறு ரஷ்யக் கலைஞர்கள்? (வாசகர், சென்னை)

பதில்: மாஸ்கோவில் பிறந்த ஓலியா லியாலினாவை முதலில் பாருங்கள். 1996-இல் அவர் செய்த, போரிலிருந்து திரும்பிய காதலனைப் பற்றிய இணையப் படைப்பில் ஹெட்செட்டும் இல்லை, முப்பரிமாணமும் இல்லை. கறுப்பு வெள்ளையில் ஒரு பக்கம்; சொடுக்கச் சொடுக்கச் சட்டகம் பிளந்துகொண்டே போகும். பார்ப்பவர் கை வைத்தால்தான் கதை நகரும் என்பதை அப்போதே செய்துவிட்டார். மாஸ்கோவின் ஏஇஎஸ்+எஃப் குழு 2007-இல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியின் ரஷ்ய அரங்கில் காட்டிய வீடியோ, கணினி விளையாட்டின் வழவழப்பான உலகத்தைக் கடன் வாங்கியது: சண்டை உண்டு, ரத்தம் இல்லை.

கேள்வி: இந்தப் படங்களைப் பத்து வருடம் கழித்தும் திறக்க முடியுமா? (நூலகர், தஞ்சாவூர்)

பதில்: டில்ட் பிரஷின் மூலக் கோப்பான ‘.டில்ட்’ இருந்தால் வாய்ப்பு நிறைய. அதற்குள் தீற்றல்கள் போட்ட வரிசையிலேயே கிடக்கின்றன. திறந்தால் படம் மறுபடி தன்னைத்தானே வரைந்துகொள்ளும். கான்வாஸில் எக்ஸ்ரே எடுத்துத் தேடும் தகவல் இங்கே கையிலேயே இருக்கிறது. பொதுவான முப்பரிமாணக் கோப்பு வடிவமான ‘ஜிஎல்பி’யாக மாற்றி வைத்தது மட்டும் போதாது, உருவம் வரும், மினுங்கும் தூரிகையும் அசையும் தூரிகையும் பல பார்வை மென்பொருள்களில் செத்த நிறமாகத் தெரியும். இணையத்தில் ஏற்றிவிட்டோம் என்றும் இருக்காதீர்கள்: இத்தகைய படங்களை வைத்திருந்த கூகுளின் ‘பாலி’ (Poly) தளம் 2021 ஜூன் 30-இல் மூடப்பட்டது. மூலக் கோப்பை இரண்டு வட்டுகளில் வையுங்கள். பார்ப்பவர் எங்கே நிற்க வேண்டும் என்று ஓவியர் நினைத்தாரோ, அந்த இடத்திலிருந்து எடுத்த ஒரு நிழற்படத்தையும் கூடவே போடுங்கள்.