ரிப்போர்ட் எல்லாம் நார்மல். அம்மா ஏன் தளர்கிறார்?

முதியோர் நலம்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: என் தாயாருக்கு 76 வயது. முழு உடல் பரிசோதனை செய்ததில் இரத்தம், சிறுநீர், இ.சி.ஜி. எல்லாம் நார்மல் என்று வந்தது. ஆனால் ஆறு மாதமாக மெலிந்து வருகிறார். வெளியே போவதையும் குறைத்துக்கொண்டார். அடுத்து எந்தப் பரிசோதனை செய்ய வேண்டும்?

பதில்: காரணமில்லாமல் எடை குறைவதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்; அதைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்கு முன், தாயாரிடம் அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். வழக்கமான பரிசோதனைகள் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் என்று நோய்களைத் தேடுகின்றன. நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா, பேசுவது காதில் விழுகிறதா, மனம் சோர்ந்திருக்கிறதா, பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கிறதா என்று அவை கேட்பதில்லை.

2001-இல் அமெரிக்க முதியோர் மருத்துவர் லிண்டா ஃபிரைடும் அவருடைய சக ஆய்வாளர்களும் முதுமை நலிவுக்கு, அதாவது வயதில் உடல் வலுக் குன்றி சிறு நோயையும் தாங்க முடியாமல் போகும் நிலைக்கு, ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள்: தானாக எடை குறைதல், எளிதில் களைத்துப்போதல், கைப்பிடி வலுக் குறைதல், நடை மெதுவாதல், உடல் இயக்கம் குறைதல். மூன்று இருந்தால் நலிவு. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய நிலை. உங்கள் கடிதத்திலேயே இரண்டு தென்படுகின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட கையேட்டில் உள்ள சில எளிய சோதனைகளை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 14 விநாடிகளுக்கு மேல் ஆகிறதா என்று பாருங்கள். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால் வற்புறுத்தாமல் அதோடு நிறுத்திவிடுங்கள். கடந்த மூன்று மாதங்களில் 3 கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா, பசி எப்படி என்று கேளுங்கள். கடந்த இரண்டு வாரங்களில் மனச்சோர்வோ நம்பிக்கையின்மையோ வாட்டியதா, எதிலும் நாட்டமில்லாமல் போனதா என்றும் கேளுங்கள். முதியவர்களின் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படாமல், 'உடம்பு வலிக்கிறது', 'அலுப்பாக இருக்கிறது' என்ற சொற்களில் ஒளிந்துகொள்வது உண்டு. அவர்களுக்கென்றே உருவாக்கப்பட்ட மனச்சோர்வு வினாத்தாளில் தூக்கம், பசி பற்றிய கேள்விகளைத் தவிர்த்திருக்கிறார்கள். முதுமையிலும் உடல்நோயிலும் அவை எப்படியும் மாறும் என்பதே காரணம்.

விடைகளைத் தனித்தனியாகப் பார்த்தால் பயன் குறைவு. பல்செட் சரியாகப் பொருந்தாதவர் மெல்ல முடியாமல் சாப்பாட்டைக் குறைக்கிறார், எடை இறங்குகிறது. சிறுநீரை அடக்க முடியாதவர் அதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு வெளியே போவதை நிறுத்துகிறார். கால் தசை மெலிகிறது. காது மந்தமானவர் பேச்சில் கலந்துகொள்ளாமல் ஒதுங்க, வீட்டார் அதை மறதி என்று நினைத்துவிடுகிறார்கள். எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 புள்ளிகள் இறங்குபவருக்குத் தலைசுற்றலாம். ஒருமுறை விழுந்தவர், மறுபடி விழுவோமோ என்ற அச்சத்தில் நடையைக் குறைக்கிறார். தாயார் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லச் சொல்வது இதனால்தான்; அழுத்தம் இறங்குவதற்கு அவற்றில் ஒன்றே காரணமாக இருக்கலாம்.

கேள்வி: எனக்கு 81 வயது. வாழ்நாள் முழுவதும் கணக்கு எழுதியவன். என் மகள் மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறாள், கடிகாரம் வரையச் சொல்கிறாள். அவமானமாக இருக்கிறது. மறுக்கலாமா?

பதில்: தாராளமாக மறுக்கலாம், ஐயா. தங்கள் சம்மதமில்லாமல் தங்கள் நினைவாற்றலைச் சோதிக்கும் உரிமை யாருக்கும் இல்லை. மகள் செய்தது சுருக்கமான ஒரு நினைவுச் சோதனை: மூன்று சொற்களுக்கு மூன்று மதிப்பெண், பதினொன்று பத்தைக் காட்டும் கடிகாரத்துக்கு இரண்டு. மூன்றுக்குக் கீழே வந்தாலும் அது நோய் என்று ஆகிவிடாது. விரிவாகப் பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள். பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் மறதியை உண்டாக்கும். அவற்றைச் சரிசெய்ய வழி உண்டு. அறிகுறி எதுவும் இல்லாத முதியவர்கள் அனைவரையும் இப்படிச் சோதிப்பதன் நன்மை தீமைகளை எடைபோடச் சான்றுகள் போதவில்லை என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புச் சேவைப் பணிக்குழுவே 2020-இல் கூறியிருக்கிறது. ஆகவே தங்கள் தயக்கம் வீண் பிடிவாதம் அல்ல. ஆனால் பழகிய கணக்கிலேயே தவறுகள் விழுவதாகத் தங்களுக்கே தோன்றினால் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். மகளிடம் இல்லாமல் மருத்துவரிடம் செய்துகொள்ளுங்கள். பிள்ளைகள் தேர்வு வைக்கும்போது பதற்றத்திலேயே ஒரு சொல் மறந்துபோகும்.

கேள்வி: நான் தனியாக, நிம்மதியாக வாழ்கிறேன். ஒரு படிவம் அதற்காகவே எனக்கு ஒரு மதிப்பெண் கூட்டிவிட்டது. தனியாக இருப்பது நோயா?

பதில்: இல்லை. நெதர்லாந்தில் உருவாக்கப்பட்டு 2010-இல் வெளியான ஒரு வினாத்தாளில் 15 கேள்விகள் உண்டு: உடல் பற்றி எட்டு, மனம் பற்றி நான்கு, சமூக உறவு பற்றி மூன்று. அந்த மூன்றில் ஒன்றுதான் தனியாக வசிக்கிறீர்களா என்பது. ஐந்து மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால்தான் கவனிப்பார்கள். மற்ற இரண்டும்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன: அருகில் மனிதர்கள் இல்லையே என்று ஏங்குகிறீர்களா, தேவைப்படும்போது உதவி கிடைக்கிறதா. தனித்து வாழ்வது வேறு, தனிமை வாட்டுவது வேறு. ஆள் நிறைந்த வீட்டிலும் தனிமையில் வாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இரவில் கீழே விழுந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்பதற்கு மட்டும் ஒரு தெளிவான விடையை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் உள்ள முதியவர்களிடம் இத்தகைய வினாத்தாளைக் கொண்டு ஆய்வு நடத்த விரும்புகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: 'ஆம்' என்று ஒருவர் சொன்னால் அடுத்து அவர் எங்கே போக வேண்டும் என்பதை முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். நோயறியவும் சிகிச்சை தரவும் வசதி இருந்தால்தான் இத்தகைய சோதனையில் இறங்க வேண்டும் என்று வில்சன், யுங்னர் என்ற இரு நிபுணர்கள் உலக சுகாதார நிறுவனத்துக்காக 1968-லேயே எழுதினார்கள். கண், காது, பல், பிசியோதெரபி, மனநலம் ஆகிய ஐந்துக்கும் அனுப்பும் இடங்களைப் பேசி வைத்துக்கொள்ளாமல் படிவம் அச்சிடாதீர்கள். வாழப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும்.

கேள்விகளைக் குடும்பத்தார் இல்லாத இடத்தில் கேளுங்கள். வீட்டில் யாராவது திட்டுகிறார்களா, பணத்தைப் பறிக்கிறார்களா என்ற கேள்விக்கு, அதைச் செய்பவரே பக்கத்தில் இருந்தால் 'இல்லை' என்ற விடைதான் வரும். எழுத்தைப் பெரிதாக அச்சிடுங்கள். கேட்பவர் எதிரே, தம் முகத்தில் வெளிச்சம் படும்படி உட்காரட்டும். காது மந்தமானவர்கள் உதட்டசைவைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்கிறார்கள்.