முதலாண்டு முடிந்தது, டி.சி. வாங்கலாமா?

கேள்வி: என் மகள் தென்காசி அருகே அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு முடித்திருக்கிறாள். ‘இப்போது ஓராண்டோடு சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியேறலாம். கிரெடிட் வங்கியில் உள்ளதை வைத்து வேறு பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் படிப்பிலோ, பி.இ. படிப்பிலோ நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்த்துவிடுகிறேன்’ என்கிறார் ஒரு கல்வி ஆலோசகர். நாற்பதாயிரம் ரூபாயும் அசல் சான்றிதழ்களும் கேட்கிறார். மூன்றாண்டுப் பட்டத்துக்கு இனி எம்.எஸ்சி. கிடைக்காதாம். என்ன செய்வது?

பதில்: டி.சி. வாங்காதீர்கள். அசல் சான்றிதழ்களை ஏற்கெனவே கொடுத்திருந்தால், இந்தப் பதிலை மேற்கொண்டு படிப்பதற்கு முன் போய் வாங்கி வாருங்கள்.

கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது முழுப் பொய். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களின் கீழ் உள்ள கல்லூரிகளில் பி.எஸ்சி. இன்னும் மூன்றாண்டுதான். அதை முடித்தவருக்கு எம்.எஸ்சி. இரண்டாண்டு. நான்காண்டு படித்தவருக்கு ஓராண்டு எம்.எஸ்சி. நடத்தலாம் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழு. விரல் விட்டு எண்ணுங்கள், இரண்டும் ஐந்துதான்.

பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை உண்டு. ஆனால் அது பி.எஸ்சி. முழுதாக முடித்தவருக்கு. பிளஸ் டூவிலும் கணிதம், பி.எஸ்சி.யிலும் கணிதம் படித்திருந்தால் பெரும்பாலும் சிக்கல் வராது. சேர்ந்த பிறகு சில பொறியியல் பாடங்களைக் கூடுதலாக எழுத வேண்டியிருக்கும். மொத்தம் ஆறாண்டு. இயற்பியல் பிடித்துச் சேர்ந்த பெண்ணை அந்தப் பக்கம் தள்ள எனக்கு மனமில்லை.

இனி அந்தக் கிரெடிட் வங்கி. 2021-இல் வந்த ஏற்பாடு அது. கிரெடிட் என்பது ஒரு பாடத்தை முடித்ததற்குக் கொடுக்கும் அலகு. எந்தப் பாடத்தை எத்தனை கிரெடிட்டுக்கு முடித்தாள் என்ற பதிவேடுதான், வேறொன்றுமில்லை. கணக்குத் தொடங்கக் கட்டணம் கிடையாது. டிஜிலாக்கர் வழியாக உங்கள் மகளே வீட்டிலிருந்து தொடங்கலாம். அதில் வரவு வைப்பது கல்வி நிறுவனத்தின் வேலை, முகவரால் ஒரு கிரெடிட்டைக்கூட ஏற்ற முடியாது. அண்மையில் என்னைப் பார்க்க வந்த ஒருவர் ‘கணக்குத் திறந்த கூலி’ என்று மூவாயிரம் கொடுத்திருந்தார். ஆதாருக்கு வந்த ஓடிபி எண்ணையும் போனிலேயே சொல்லியிருக்கிறார்! வங்கியில் கிரெடிட் இருக்கிறது என்பதற்காக இன்னொரு பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. அங்கே இடம் காலியாக இருக்க வேண்டும், பாடத்திட்டம் பொருந்த வேண்டும், அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டார் மட்டும் உட்கார்ந்து தாம்பூலம் மாற்றிக்கொள்ள முடியாது.

ஒரே ஓர் இடத்தில் அந்த ஆலோசகர் சொல்வது பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டச் சட்டகத்தை ஏற்று நடத்தும் நிறுவனங்களில், முதலாண்டில் 40 கிரெடிட் பெற்றவர் சான்றிதழோடு வெளியேறலாம். வெறும் 40 போதாது, கோடை விடுமுறையில் 4 கிரெடிட் தொழிற்பாடம் ஒன்றையும் முடித்திருக்க வேண்டும். வெளியேறியவர் மூன்றாண்டுக்குள் திரும்பி வந்துவிட வேண்டும். ஏழாண்டுக்குள் பட்டத்தை முடித்தாக வேண்டும். உங்கள் மகளின் கல்லூரி இதை ஏற்று நடத்துகிறதா என்பது அவள் சேர்ந்த ஆண்டின் ஒழுங்குமுறைப் புத்தகத்தில் இருக்கும். அதில் இல்லையென்றால் அவளுக்கு இந்த வாசல் இல்லை. டி.சி. வாங்கி வெளியே வந்தால் கையில் இருப்பது முதலாண்டு மதிப்பெண் பட்டியல் மட்டும். புத்தகத்தில் இருந்தாலும்கூட, இது குடும்பத்தில் நோய், பணமுடை என்று வந்தால் பயன்படுத்த வேண்டிய வழி. ஓராண்டு இயற்பியல் சான்றிதழைப் பார்த்து வேலை கொடுப்பவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

இதையெல்லாம் ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். விதியைத் தில்லியில் எழுதிவிட்டு, விளக்கும் வேலையைத் தரகர்களிடம் விட்டுவிட்டார்கள். மாணவரின் அசலைக் கல்லூரியே பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லப்பட்டிருக்கும்போது, தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குபவருக்கு அது எதற்கு? நீங்கள் மனம் மாறித் திரும்பிப் போகாமல் இருக்கத்தான்.

அவள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே, பிப்ரவரியில் நடக்கும் ஜாம் தேர்வை எழுதலாம். இயற்பியல் தாளில் மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். ஐஐடிகளின் எம்.எஸ்சி.க்கும், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் அதுவே நுழைவாயில். திருவாரூர், புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் முதுநிலைத் தேர்வு. கூடுதலாக ஏதாவது படிக்க ஆசைப்பட்டால், சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜேஇஇ தேவையில்லை, அவர்களே நடத்தும் தகுதித் தேர்வு போதும். சான்றிதழ், டிப்ளமா, பட்டம் என்று வழியில் இறங்கும் படிகள் அங்கே உண்மையிலேயே இருக்கின்றன. இரண்டு படிப்புகளை ஒரே காலத்தில் படிக்கவும் 2022 முதல் மானியக் குழு அனுமதிக்கிறது.

ஜாமில் இடம் கிடைத்தும் அதை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இறுதி செமஸ்டர் முடிவு தாமதம், தற்காலிகச் சான்றிதழ் அதைவிடத் தாமதம். பல்கலைக்கழக அலுவலகத்தில் ‘அடுத்த வாரம் வாங்க’ என்பார்கள், ஐஐடி கொடுத்த கெடு அதற்குள் முடிந்துபோகும். அரியர் இருந்தால் கதை இன்னும் மோசம். உங்கள் கடிதத்தில் நாற்பதாயிரம் இருக்கிறது, அரியர் பற்றி ஒரு வரி இல்லை. முதலாண்டில் ஏதாவது நிலுவை இருக்கிறதா என்று மகளிடம் இன்றே கேளுங்கள். இருந்தால், வரும் செமஸ்டர் தேர்வுக்கே விண்ணப்பம் போடச் சொல்லுங்கள்.