அசையாத புள்ளிதான் ஆபத்து
வாசகர் கேள்வி – பதில்: சிறு விமானங்கள்

கேள்வி: காமலாபுரத்துக்குப் பக்கத்துல எங்க தோட்டமுங்க. பொழுது விடிஞ்சா சின்ன விமானம் சுத்திக்கிட்டே இருக்குது. பேரன் பைலட் படிப்புல சேரோணும்னு ஒத்தக்கால்ல நிக்கறான். அத்தனை பெரிய வானத்துல ரெண்டு விமானம் எப்படிங்க மோதிக்கும்? – ஒரு வாசகி, ஓமலூர்

பதில்: வானம் பெரியதுதானுங்க அம்மா, ஆனால் இறங்குகிற இடம் சிறியது. சந்தை நாளில் நாலா பக்கத்து வண்டிகளும் புளியம்பட்டியில் போய் நெருக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். மூடுபனியிலும் இருட்டிலும் மோதல் நடக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது பெரும்பாலும் பட்டப்பகலில், வானம் தெளிவாக இருக்கும்போது, விமான நிலையத்தை ஒட்டித் தாழ்வாகப் பறக்கையில். நேருக்கு நேர் முட்டுவதைவிட, பின்னால் வேகமாக வருவது முன்னால் மெதுவாகப் போவதை எட்டிப் பிடித்து மோதுவதே அதிகம்.

நீங்கள் பார்க்கும் சுற்றுக்குப் பெயர் சர்க்யூட். தரையிலிருந்து சுமார் 1,000 அடி உயரத்தில் ஓடுபாதையை ஒட்டி ஒரு செவ்வகம். காமலாபுரத்தில் 22ஆம் எண் ஓடுபாதையில் தென்மேற்காகக் கிளம்பி இடப்பக்கமாகச் சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். தென்கிழக்கே திரும்பினால் கிராஸ்விண்ட். பிறகு ஓடுபாதைக்கு இணையாக வடகிழக்கே போவது டவுன்விண்ட். வடமேற்கே திரும்பினால் பேஸ், கடைசியாக ஓடுபாதைக்கு நேராக இறங்கி வருவது ஃபைனல். எல்லோரும் ஒரே உயரத்தில், ஒரே திசையில், ஒருவர் பின் ஒருவராகச் சுற்றினால், யாரை எங்கே தேடுவது என்று எல்லோருக்கும் தெரியும். இந்த வரிசையைக் குறுக்கே வெட்டி நுழைகிறவரால்தான் தொல்லை. பேரனிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: டவுன்விண்டில் உனக்கு முன்னால் போகிற விமானத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பேஸ் திரும்புகிறாயா? ஆமாம் என்றால் தைரியமாக அனுப்பி வையுங்கள்.

கேள்வி: பயிற்சியில் இருக்கிறேன். 'வெளியே பார், வெளியே பார்' என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், எதுவும் தென்படுவதில்லை. ஆனால் அவர் சுட்டிக்காட்டியதும் தெரிகிறது. எப்படிப் பார்ப்பது? – ஒரு மாணவர், சங்ககிரி

பதில்: குறை உங்கள் கண்ணில் இல்லை, பார்க்கும் முறையில் இருக்கிறது. கண் ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் எதுவும் பதியாது. நின்றால்தான் பதியும். கையை நீட்டி விரல்களை மூடிப் பிடியுங்கள். அந்தக் கைப்பிடியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. வானத்தை அந்த அளவுக்குத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது ஒரு வினாடி நின்று பாருங்கள். இடப்பக்கம் 60 பாகை, வலப்பக்கம் 60 பாகை, தொடுவானத்துக்கு மேலும் கீழும் 10 பாகை. ஒரு சுற்றுப் பார்க்க எப்படியும் 12 வினாடிக்கு மேல் ஆகும். கருவிகளைப் பார்க்கத் தலையைக் குனிந்தால் இரண்டு மூன்று வினாடிகளில் நிமிர்ந்துவிட வேண்டும். வெறும் நீல வானத்தைப் பார்க்கும்போது கண் தானாகவே சில அடி தூரத்தில் குவிந்து நின்றுவிடும். அதனால் அவ்வப்போது இறக்கையின் நுனியையோ தொலைவில் ஒரு மலையையோ பார்த்துவிட்டுத் தேடுங்கள்.

முக்கியமானது இனிமேல்தான். உங்கள் மேல் மோதப் போகிற விமானம் கண்ணாடியில் அசையாது. தாராபுரம் ரோட்டில் காரில் போகும்போது, குறுக்குச் சாலையில் வரும் மொபெட் கண்ணாடியோரக் கம்பிக்குப் பின்னாலேயே கடைசி வரை மறைந்து வருமே, அதே கணக்கு. இரண்டும் ஒரே புள்ளியை நோக்கிச் சீராகப் போனால், ஒன்றிலிருந்து பார்க்க மற்றது இருந்த இடத்திலேயே இருக்கும். பெரிதாக மட்டும் ஆகும், அதுவும் கடைசி வினாடிகளில்தான் சட்டென்று. அசைகிற விமானம் கண்ணில் எளிதில் படும், அநேகமாக விலகியும் போய்விடும். கண்ணாடியில் ஒட்டிய பூச்சி மாதிரி ஒரு புள்ளி நகராமல் நின்றால் உடனே திரும்புங்கள். கம்பிக்குப் பின்னால் எதுவும் ஒளிந்திருக்காமல் இருக்க, தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள்.

நேரக் கணக்கையும் மனதில் வையுங்கள். கண்ணில் பட்டு, விமானம்தான் என்று அறிந்து, மோதப்போகிறது என்று உணர்ந்து, முடிவெடுத்து, கை அசைந்து, விமானம் திரும்பத் தொடங்க மொத்தம் 12.5 வினாடி ஆகும் என்பது அமெரிக்க விமானத் துறை பயிற்சிக்குத் தரும் கணக்கு. இதில் உணர்வதற்கு 5 வினாடி, முடிவெடுக்க 4. கை அசைவுக்கு வெறும் 0.4. தலா 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு செஸ்னா 172 சிறு விமானங்கள், அந்த நேரத்தில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியைத் தின்றுவிடும். அந்தத் தூரத்தில் 11 மீட்டர் அகல இறக்கை, கை நீட்டிப் பிடித்த ஒரு சோளமணி அளவே தெரியும். கிழக்கே சேர்வராயன் மலைப் பின்னணியில் வந்தால் அந்தச் சோளமணியும் மலையோடு கரைந்துவிடும். மார்கழி, தை மாலைகளில் தென்மேற்கு நோக்கி இறங்குகிறவருக்குச் சூரியன் முகத்தில் அடிக்கும். இறங்கும் விளக்கை 10 மைலுக்கு முன்பே போட்டுவிடுங்கள். சரிபார்ப்புப் பட்டியலையும் சர்க்யூட்டுக்குள் நுழையும் முன்பே முடித்துவிடுங்கள். டவுன்விண்டில் குனிந்து படிக்கிற பைலட் எல்லோருக்கும் ஆபத்து.

கேள்வி: எல்லோரும்தான் ரேடியோவில் இடத்தைச் சொல்கிறார்களே. அது போதாதா? – ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: போதாது. 2022 ஆகஸ்ட் 18 அன்று கலிபோர்னியாவின் வாட்சன்வில் நகரில் நடந்ததைப் பாருங்கள். அங்கே கோபுரக் கட்டுப்பாடு கிடையாது, விமானிகளே ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொள்வார்கள். செஸ்னா 152 ஒன்று சர்க்யூட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. இரட்டை எஞ்சின் செஸ்னா 340 ஒன்று, சர்க்யூட்டில் சேராமல் தொலைவிலிருந்தே ஓடுபாதைக்கு நேராக வந்தது. இருவரும் ரேடியோவில் பேசினார்கள். 152இன் விமானி, பின்னால் வருபவர் வேகமாக நெருங்குவதாகவும், தான் இறங்காமல் மேலேறப் போவதாகவும்கூடச் சொன்னார். 340 ஏறக்குறைய 180 நாட் வேகத்தில் வந்தது. இறங்கும் 152 அதில் பாதி வேகம்கூடப் போகாது. மோதியதில் மூவர் இறந்தனர். நேராக வருவது விதிமீறல் அல்ல. ஆனால் சுற்றிக்கொண்டிருப்பவர்களின் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைக்காமல் நேராக வருவதை நியாயப்படுத்தவே முடியாது.

ரேடியோவில் சொல்லும்போது விமான நிலையத்தின் பெயர், உங்கள் விமானம், சர்க்யூட்டின் எந்தப் பகுதி, என்ன உயரம், அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். 'பக்கத்துல வந்துட்டேன்' என்பது தகவல் ஆகாது. கோபுரம் இருந்தாலும் கண் வேலையை விடாதீர்கள். 2022 ஜூலை 17 அன்று வடக்கு லாஸ் வேகாஸில் இணையான இரண்டு ஓடுபாதைகளுக்குத் தனித்தனியே அனுமதி பெற்ற இரண்டு விமானங்கள் மோதின. ஒன்று தன் பாதையைத் தாண்டி அடுத்ததன் நேர்கோட்டுக்குப் போய்விட்டது. நான்கு பேர் இறந்தனர். பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும்போது கோட்டைத் தாண்டிவிடக் கூடாது என்று ஆசிரியர்கள் கத்துவது இதற்காகவும்தான்.

கேள்வி: இறக்கை மேலே உள்ள விமானம், கீழே உள்ள விமானம், எது பாதுகாப்பு? – ஒரு கல்லூரி மாணவி, உடுமலை

பதில்: இரண்டுக்கும் ஒவ்வொரு குருட்டு மூலை உண்டு. செஸ்னா போல மேலே இறக்கை உள்ளதில் தலைக்கு மேலே தெரியாது. பைப்பர் போல கீழே இறக்கை உள்ளதில் கீழே தெரியாது. ஃபைனலில் செஸ்னா கீழேயும் பைப்பர் அதன் மேலேயும் வந்தால் இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. இதைவிட மோசமான ஜோடி கிடையாது. அதனால் சர்க்யூட்டின் மேல் இறங்கிக்கொண்டே நுழையாதீர்கள். வெளியிலேயே சரியான உயரத்துக்கு வந்துவிட்டுச் சேருங்கள். மேல் இறக்கை விமானத்தில் திரும்பும் முன், அந்தப் பக்க இறக்கையைச் சற்றுத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

உயரத்தைச் சொன்னால் மட்டும் போதாது, உயரமானியும் சரியாக இருக்க வேண்டும். கோவை விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,300 அடி, சேலம் சுமார் 1,000 அடி. ஆகவே தரையிலிருந்து அதே 1,000 அடி என்றாலும் கருவி ஒன்றில் 2,300, மற்றொன்றில் 2,000 காட்டும். உயரமானியில் பதிக்கிற காற்றழுத்த எண்ணில் 10 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) தவறினால் 300 அடிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிசகும். பிறகு 'நான் 500 அடி மேலே இருக்கிறேன்' என்ற நிம்மதியில் பாதிக்குமேல் காகிதத்தில்தான்.

கேள்வி: பொள்ளாச்சியில் பலூன் திருவிழா நடக்கிறதே, பலூனும் விமானமும் எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்க வேண்டும்? – ஒரு வாசகர், ஆனைமலை

பதில்: விமானம்தான். பலூனால் காற்று போகிற போக்கில்தான் போக முடியும். இரண்டு விமானங்கள் குறுக்கே வந்தால், தன் வலப்பக்கத்தில் மற்றதைப் பார்க்கிறவர் ஒதுங்க வேண்டும். நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். முந்துகிறவர் வலப்பக்கமாக முந்த வேண்டும். நேருக்கு நேர் வரும்போது சாலைப் பழக்கத்தில் கை இடப்பக்கம் போய்விடக் கூடாது.

கேள்வி: பெரிய விமானங்களில் தானாக எச்சரிக்கும் கருவி இருக்கிறதாமே. சின்னதிலும் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே? – ஓர் ஆசிரியர், பவானி

பதில்: நீங்கள் சொல்வது டிகாஸ் கருவி. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் சவூதி, கஜகஸ்தான் விமானங்கள் மோதி 349 பேர் இறந்தனர். அதன் பிறகுதான் இந்தியா இதைக் கட்டாயமாக்கியது. மற்ற விமானத்தின் டிரான்ஸ்பாண்டரை (கேட்டால் ரேடியோவில் தானாகப் பதில் தரும் கருவியை) கேட்டு, ஒருவரை ஏறு, இன்னொருவரை இறங்கு என்று சொல்லும். ஆனால் தரையிலிருந்து 1,000 அடிக்குக் கீழே அந்த ஏறு–இறங்கு கட்டளை நிறுத்தப்பட்டுவிடும். சர்க்யூட்டின் உயரமே அதுதான். விலையும் சிறு விமானத்துக்குக் கட்டுப்படியாகாது. விமானம் தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் ஏடிஎஸ்-பி சமிக்ஞையைப் பிடித்துத் திரையில் காட்டும் சிறிய கருவிகள் கிடைக்கின்றன, நல்லவைதான். எங்கே தேடுவது என்று காட்டும். சமிக்ஞை அனுப்பாத விமானத்தைக் காட்டாது. ஃபைனலில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கருவியே எமனாகும்.

கேள்வி: பீளமேட்டில் அக்கா மகள் கல்யாணம். மண்டபத்துக்கு மேல டிரோன் விடலாமுங்களா? – ஒரு வாசகர், சிங்காநல்லூர்

பதில்: கூடாதுங்க. 2021 டிரோன் விதிகளின்படி அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் பச்சையாக இருக்கும் இடத்தில்தான் அனுமதி கேட்காமல் 400 அடி வரை பறக்கவிடலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிதான். அதற்கும் உள்ளே முன் அனுமதி வேண்டும். பீளமேடு ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, சூலூர் விமானப்படைத் தளமும் தூரமில்லை. படக்காரரை மாடி மேல் ஏற்றி விடுங்கள்.