மாஸ்டாவுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

டொயோட்டா அளவுக்குப் பெரிய நிறுவனம் இல்லையே, அப்புறம் மாஸ்டாவை ஏன் கார் பிரியர்கள் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முக்கியமான காரணம் ரோட்டரி எஞ்சின்தான்.

1920-ல் ஹிரோஷிமாவில் தக்கை தயாரிக்கத் தொடங்கிய கம்பெனி இது. 1931-ல் மூன்று சக்கர வண்டிக்கு வந்தது. 1945-ல் அணுகுண்டு விழுந்தபோது, ஒரு குன்று மறைத்ததால் தொழிற்சாலை பெரும்பாலும் தப்பியது. அழிந்துபோன மாகாண அரசு அலுவலகம் சில காலம் அங்கேதான் இயங்கியது.

1960-களில் ஜெர்மனியிலிருந்து ரோட்டரி எஞ்சின் உரிமம் வாங்கினார்கள். வழக்கமான எஞ்சினில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனுக்குப் பதில், இதில் ஒரு முக்கோண ரோட்டர் சுழலும். அதன் முனையில் வாயு கசியாமல் அடைக்கும் சீல், எஞ்சினின் உள்சுவரில் அலையலையாகக் கீறல் போட்டது. 'சாத்தானின் நகக்கீறல்' என்றே பொறியாளர்கள் அதை அழைத்தார்கள். மாஸ்டா பொறியாளர் கெனிச்சி யமமோட்டோவின் குழு, கார்பனில் அலுமினியம் ஊட்டிய சீல் செய்து அதைத் தீர்த்தது. 1967-ல் ரோட்டரி எஞ்சினோடு காஸ்மோ ஸ்போர்ட் என்ற கார் வந்தது. 1991-ல் பிரான்ஸில் நடக்கும் லெமான் 24 மணி நேரக் கார் பந்தயத்தையே மாஸ்டாவின் ரோட்டரி கார் வென்றது!

பெட்ரோலை அதிகம் குடிக்கும் என்பது உண்மைதான். 1973 எண்ணெய் நெருக்கடியில் கம்பெனி நன்றாக அடிவாங்கியது. ஆனாலும் 1989-ல் எம்எக்ஸ்-5 என்ற சின்னத் திறந்த காரை, ஓட்டும் சந்தோஷத்துக்காகவே செய்தார்கள். எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது.