நடிகர் சொன்னால் இளைஞர்கள் ஓட்டுப் போடுவார்களா?

பிரபலங்களின் ஆதரவும் சமூக ஊடகங்களும் முதல்முறை வாக்காளர்களின் முடிவை மாற்றுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றும். ஆனால் நடிகர் மேடையேறி வாக்குக் கேட்பதைவிட, அரசியல் பேசுவதாகவே தெரியாத வீடியோக்களுக்குத்தான் இன்று பலம் அதிகம் என்பது என் கணிப்பு.

நடிகர் ஆதரவு என்றதும் எல்லோரும் 1996ஐச் சொல்வார்கள். ஜெயலலிதா மறுபடி வந்தால் தமிழ்நாட்டை ஆண்டவனாலும் காப்பாற்ற முடியாது என்றார் ரஜினி. திமுக–தமாகா (மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ்) கூட்டணி ஜெயித்தது, ஜெயலலிதா பர்கூரில் தோற்றார். சரி, 2004க்கு வாருங்கள். பாமகவுக்கு எதிராக அதே ரஜினி வெளிப்படையாகவே நின்றார். மக்களவைக்குப் பாமக போட்டியிட்டது புதுச்சேரியையும் சேர்த்து ஆறு தொகுதிகளில். ஆறிலும் ஜெயித்தது. எட்டு வருடத்தில் ரஜினிக்கு ரசிகர்கள் குறைந்தா போனார்கள்? 1996ல் ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் கல்யாண ஆடம்பரம் உட்படப் பல விஷயங்களில் மக்கள் ஏற்கெனவே கொதித்துப் போயிருந்தார்கள். காங்கிரஸிலிருந்து மூப்பனார் பிரிந்து வந்ததில் கூட்டணிக் கணக்கும் மாறியிருந்தது. அந்தக் கோபத்துக்கு ரஜினி குரல் கொடுத்தார். 2004ல் ஜெயலலிதா இருந்த அணியின் மீது கோபம், ரஜினியோ அதன் எதிரணியில் இருந்த பாமகவை எதிர்த்துக்கொண்டிருந்தார்.

இதைவிட நல்ல உதாரணம் 2011. விஜயகாந்தைக் கிண்டலடித்து வடிவேலு திமுகவுக்காக ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். கூட்டத்துக்குக் குறைவில்லை, சிரிப்புக்கும் குறைவில்லை. முடிவு வந்தபோது திமுகவுக்கு 23 இடம், விஜயகாந்தின் தேமுதிகவுக்கு 29. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். வடிவேலுவைப் பார்க்க வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். (விஜய் கட்சி தொடங்கியதை இதில் சேர்க்கவில்லை. தனக்கே வாக்குக் கேட்பது வேறு, இன்னொருவருக்காகக் கேட்பது வேறு.)

அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். டெய்லர் ஸ்விஃப்ட் 2018ல் டென்னசி செனட் தேர்தலில் ஆதரித்த பில் பிரெடசன் தோற்றார். 2024 செப்டம்பரில் கமலா ஹாரிஸை ஆதரித்து ஸ்விஃப்ட் பதிவு போட்ட 24 மணி நேரத்தில், அவர் பகிர்ந்த இணைப்பு வழியாக 4 லட்சத்துக்கும் அதிகமானோர் வாக்காளர் பதிவு பற்றிய அரசுத் தளத்துக்குப் போனார்கள். ஆனாலும் ஹாரிஸ் தோற்றார். ரசிகரைப் பதிவுப் பக்கம் வரை கூட்டிக்கொண்டு போக நட்சத்திரத்தால் முடிகிறது. பெயர் சேர்த்தவர் யாருக்குப் போடுவார் என்பது நட்சத்திரத்தின் கையில் இல்லை.

பிறகு எது தீர்மானிக்கிறது? என் அக்கா மகன் 2024ல் முதல் ஓட்டுப் போட்டான். "எனக்குப் பாலிடிக்ஸ்ல இன்ட்ரஸ்ட் இல்ல மாமா" என்பான். எந்தக் கட்சிப் பக்கத்தையும் தொடர்வதில்லை. அவனுடைய இன்ஸ்டாகிராமில் கிரிக்கெட், பைக், பரோட்டாக் கடை, இவைதான். அந்தப் பரோட்டாக் கடை வீடியோ ஒன்றைக் காட்டினான். சால்னாவில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, "இந்த ரோடு முன்னாடி குண்டும் குழியுமா இருக்கும், இப்ப எப்படி இருக்கு பாருங்க" என்று அந்த ஊர் எம்எல்ஏ பெயரை ஒரு தடவை சொல்லிவிட்டு, மறுபடி சால்னாவுக்கே போய்விட்டார் அந்த மனிதர். காசு வாங்கியிருப்பாரோ என்றேன். "சும்மா சொல்றாரு மாமா, அவர் என்ன கட்சிக்காரரா?" என்றான். அதுதான் விஷயம். கரைவேட்டியைப் பார்த்தால் உஷாராகிறவன் பரோட்டாவைப் பார்த்து உஷாராவதில்லை.

இன்னொன்று மீம். ஒரு தேர்தல் அறிக்கையைக்கூடப் படிக்காதவன், எந்தத் தலைவர் எந்த மேடையில் என்ன உளறினார் என்று வரிசையாகச் சொல்வான். இப்படிப் பார்ப்பதால் யாரும் ஒரு கட்சிக்கு மாறிவிடுவதில்லை. ஆனால் ஒரு தலைவர் காமெடி பீஸ் என்று மனதில் பதிந்துவிட்டால், அவர் உருப்படியாகச் சொல்வதும் காதில் ஏறாது.

சட்டமும் இந்த இடத்தில் தளர்வாகத்தான் இருக்கிறது. கட்சி நேரடியாக, பேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவுக்குப் பணம் கட்டி அரசியல் விளம்பரம் போட்டால், பணம் கொடுத்தது யார் என்பது விளம்பரத்திலேயே தெரிய வேண்டும், அது அவர்களுடைய விளம்பர நூலகத்திலும் இருக்கும். அதே பணத்தை வீடியோ போடுகிறவர் கையில் கொடுத்தால் அங்கே ஒன்றும் இருக்காது. சமூக ஊடக அரசியல் விளம்பரத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2013லேயே சொல்லிவிட்டது. ஆனால் தனிநபர் தன் கணக்கில் போடும் கருத்தோ வீடியோவோ விளம்பரக் கணக்கில் வராது. சோப்பைப் புகழக் காசு வாங்கினால் அதைச் சொல்லியாக வேண்டும் என்று நுகர்வோர் துறை 2023ல் வழிகாட்டுதல் கொண்டுவந்தது. அது பொருளுக்கும் சேவைக்கும்தான், எம்எல்ஏவுக்கு இல்லை.

தேர்தலுக்கு முந்தைய வாரம், வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களைத் தேர்தல் ஆணையத் தளத்தில் எடுத்து அக்கா மகனுக்குக் காட்டினேன். சொத்து, கடன், வழக்குகள் எல்லாம் அதில் இருக்கும். ஆர்வமாகத்தான் படித்தான். ஒருவரின் நகைக் கணக்கைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். அப்புறம் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேலே ஒரு வடிவேலு படத்தை ஒட்டி ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான்.